சுண்டுவிரல் பக்கத்து எலும்பு

ஜனவரி 9

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. "அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடது கை உடைந்துவிட்டது, கட்டுப் போட்டாயிற்று, கவலைப்படாதே" என்று ஒன்றரை வரி எழுதியிருக்கிறாய். உன் பட்டறையில் ஒரு ஜன்னல் கம்பிக்கு அளவு குறிக்கும்போதுகூட இதைவிட அதிகம் எழுதுவாய்.

முந்தின வருஷம் விலா எலும்பு இரண்டு. போன வருஷம் மணிக்கட்டு. இப்போது கை. அந்தப் பாத்ரூமில் எண்ணெயா ஊற்றி வைத்திருக்கிறீர்கள்?

நான்கு வருஷமாக மூன்று மாதத்துக்கு ஒரு பெட்டி அனுப்புகிறேன். திரும்பவும் சொல்கிறேன். வெள்ளை மாத்திரை சுண்ணாம்புச் சத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஒன்று. மஞ்சள் மாத்திரை வைட்டமின் டி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்று. அதிகம் போனால் சிறுநீரகத்துக்கு ஆகாது. அம்மா விழுங்குகிறாளா, இல்லை கன்னத்தில் அடக்கிவைத்துத் துப்புகிறாளா? பக்கத்தில் நின்று பார். அறுபத்தெட்டு வயதில் எலும்பு உளுத்த மரம் மாதிரி ஆகிவிட்டால் தும்மினால்கூட உடையும். கையின் எக்ஸ்ரே படத்தை உடனே அனுப்பு.

வீட்டுக்குப் போன் செய்தால் அப்பா எடுக்கிறார். உன் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால் பட்டறை முகவரிக்கு எழுதுகிறேன்.

நான் ஏன் வரவில்லை என்று நீ கேட்க மாட்டாய், உனக்குத் தெரியும். அப்பா அம்மாவின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதிய அன்று நான் இரும்புச் சட்டியைத் தூக்கினேன். நீ ஓடிவந்து கையைப் பிடித்தாய். அவர் கையை அல்ல, என் கையை. என்னைத் தெருவுக்கு இழுத்துப்போய் விட்டாய். மாடியிலிருந்து அவர் கத்தினார்: "இனிமே நீ இந்த வாசப்படிய மிதிச்சா உங்கம்மா கால ஒடிச்சுப் போட்டுருவேன்." சொன்னதைச் செய்கிற மனுஷர்.

ஆறு மாதம் கழித்து நீதான் எழுதினாய், அப்பாவுக்கு வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது, எல்லாம் ஓய்ந்துவிட்டது என்று. நம்பினேன். நம்ப வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

படத்தை அனுப்பு.

அக்கா


ஜனவரி 23

படக்காரி அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது பட்டறைக்கு வந்த ஒருவர், "யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார். என் மூஞ்சி அப்படி ஆகிவிட்டதாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி எழுதுவதற்கு உன்னிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அம்மா வழுக்கித்தான் விழுந்தாள். சோப்புத் தண்ணீர். ஒரு ரப்பர் மிதியடி வாங்கிப் போட்டிருக்கிறேன். மாத்திரை ஒழுங்காகக் காலியாகிறது, காலி அட்டைகளை நானே குப்பையில் போடுகிறேன். உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், சட்டி விஷயத்தை விட்டுவிட்டு. "அவ நல்லா இருக்காளா, சாப்பிடுறாளா, அத எழுதலயா?" என்று கேட்டாள். நீ எழுதவில்லையே.

படம் இதோடு இருக்கிறது. மடிக்காமல் அனுப்ப இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்திருக்கிறேன். நீ அங்கே ஆஸ்பத்திரியில் ஆயிரம் பேரின் எலும்பைப் படம் எடுத்துப் பார்க்கிறாய். இதையும் பார்த்துக்கொள்.

அப்பா நன்றாக இருக்கிறார். எழுபத்தைந்து என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை ஒற்றைக் கையில் மாடிக்குத் தூக்கிப்போகிறார். ஞாயிறு காலையில் பழைய பஸ் ஓட்டுநர்கள் கூடுகிற இடத்துக்கு நடந்தே போய் வருகிறார். முப்பது வருஷம் ஓட்டி ஒரு விபத்துகூடக் கிடையாது என்று அங்கே இன்னும் அவருக்குப் பெயர்.

வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கேட் ஒன்று. நிறுத்திக்கொள்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 3

தம்பிக்கு,

கை நடுங்குகிறவர் எப்படியடா ஒற்றைக் கையில் தண்ணீர்க் கேனைத் தூக்குகிறார்? பொய் சொல்கிறவனுக்கு முதலில் ஞாபகம் வேண்டும்.

படம் வந்தது. மதிய இடைவேளையில் வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தவள் அப்படியே மூடிவிட்டேன்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், ஏனென்றால் புரியவில்லை என்று நீ தப்பிக்கக் கூடாது. விழுகிறவர்கள் உள்ளங்கையைத் தரையில் ஊன்றுவார்கள். மணிக்கட்டு உடையும். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் இரண்டு எலும்பு ஓடுகிறது. கட்டைவிரல் பக்கம் ஒன்று, சுண்டுவிரல் பக்கம் ஒன்று. அம்மாவுக்குச் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும், சரியாக நடுவில், குறுக்கே உடைந்திருக்கிறது. மற்றது அப்படியே இருக்கிறது. இப்போது எழுந்து நின்று, தலையில் ஏதோ விழப்போகிறது என்று நினைத்து உன் இடது கையைத் தூக்கித் தலையை மறை. எந்தப் பக்கம் வெளியே தெரிகிறது, பார்.

அதே எலும்பில் இரண்டு விரல் தள்ளி ஒரு பழைய முறிவு ஆறிய தடமும் இருக்கிறது. அதற்கு யாரும் கட்டுப் போடவில்லை. அது எப்போது?

என்னோடு வேலை பார்க்கிற எலும்பு மருத்துவரிடம் யாருடையது என்று சொல்லாமல் காட்டினேன். ஐந்து வினாடிகூட இருக்காது. "யாரும்மா அடிச்சது?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். எலும்பு பலவீனமானதா என்று கேட்டேன். "இந்தப் படத்த வெச்சு உறுதியா சொல்ல முடியாது, அடர்த்தி பாக்குற பரிசோதனை எடுத்தாத்தான் தெரியும். ஆனா இது தானா ஒடஞ்ச எலும்பு இல்ல" என்றார்.

பத்தொன்பது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். இப்படிப்பட்ட படங்களை எடுத்திருக்கிறேன். கூட வருகிறவர்கள் எல்லோரும் வழுக்கி விழுந்ததாகத்தான் சொல்வார்கள். நான், "கைய அசைக்காதீங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு பட்டனை அமுக்குவேன். நம் அம்மாவையும் யாரோ ஒருத்தி அப்படித்தான் பட்டனை அமுக்கி அனுப்பியிருக்கிறாள்.

நாற்பத்தொரு வயது உனக்கு. இரும்புக் கம்பியை முழங்காலில் வைத்து வளைக்கிறவன். அவர் மாடியில் அடிக்கும்போது நீ கீழே பட்டறையில் என்ன செய்துகொண்டிருந்தாய்? எதை வைத்து அடித்தார்? பூசி மெழுகாமல் எழுது. அம்மாவுக்கு அந்தப் பரிசோதனையை எடு.

அக்கா


பிப்ரவரி 12

உன் கடிதத்தை வெல்டிங் நெருப்பில் கொளுத்திவிட்டேன்.

நீ டாக்டர் இல்லை. பட்டனை அமுக்குகிறவள். அங்கே உட்கார்ந்துகொண்டு ஒரு படத்தை வைத்து எங்கள் எல்லோருக்கும் தீர்ப்பு எழுதுவாயா? நான்கு வருஷமாக அம்மாவைக் கழுவி, கட்டுப் போட்டு, ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவன் யார்? நீயா? உன் பாசம் எல்லாம் பார்சலில்தானே வருகிறது!

அம்மாவையே கேட்டேன். விழுந்தேன் என்கிறாள். விழுந்தவளே சொன்ன பிறகு உனக்கு என்ன?

இனிமேல் எழுதாதே. மாத்திரையும் வேண்டாம்.


மார்ச் 1

அக்காவுக்கு,

எழுதாதே என்றேன். நீயும் எழுதவில்லை. இந்த ஒரு தடவை நான் சொன்னதைக் கேட்டிருக்கிறாய், அதுவும் வேண்டாத நேரத்தில்.

கொளுத்தின பிறகு பட்டறையில் யாரும் இல்லாதபோது கையைத் தூக்கித் தலையை மறைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் பக்கம்தான்.

ஒன்றேகால் அடி இரும்புக் குழாய். சதுரக் குழாய், என் பட்டறையில் வெட்டி மிஞ்சின துண்டு. மாடி ஜன்னல் சரியாக மூடவில்லை, முட்டுக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். நானே முனையைத் தேய்த்து, கையில் குத்தாமல் வழவழப்பாக்கிக் கொடுத்தேன். அதைத்தான் கேட்டாய், எதை வைத்து என்று. நான் செய்து கொடுத்ததை வைத்து.

கீழே என்ன செய்துகொண்டிருந்தேன் என்றும் கேட்டாய். மாடியில் சத்தம் வந்தால் நான் அறுக்கிற மிஷினைப் போட்டுவிடுவேன். அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. முதல் தடவை அம்மாதான் சொன்னாள், உதட்டில் ரத்தத்தோடு படியில் நின்றுகொண்டு. "மிஷினப் போடுடா, தெருவுல கேக்கும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நானாகவே போடுவேன். சில நாள் அறுக்க இரும்பு இருக்காது, நல்ல குழாயை எடுத்துச் சும்மா துண்டு துண்டாக அறுத்திருக்கிறேன். என் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனபோது சொன்னது, "உங்கப்பாவுக்குப் பயந்து போகல, நீங்க மிஷினப் போடுறதப் பாத்துப் பயந்து போறேன்" என்பதுதான். இதை உன்னிடம் சொன்னதில்லை.

பழைய தடம் எப்போது என்று தெரியவில்லை. சத்தம் கேட்கவில்லை, அதனால் தெரியவில்லை.

பரிசோதனை எடுத்தேன். எலும்பு கல் மாதிரி இருக்கிறதாம். அந்த டாக்டரம்மா, "இந்த வயசுக்கு ரொம்ப நல்ல எலும்பு. ரத்தத்துலயும் எல்லாச் சத்தும் சரியாத்தான் இருக்கு. இவங்களுக்கு மாத்திரையே வேண்டாம். வெயில்ல நடக்கட்டும், ஒழுங்காச் சாப்பிடட்டும், விழாமப் பாத்துக்குங்க" என்றார். வெளியே வந்ததும் அம்மா சிரித்தாள் அக்கா. கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, "விழாமப் பாத்துக்கணுமாம்டா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மாத்திரையால்தானே எலும்பு நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னேன். அப்போதுதான் சொன்னாள். நான்கு வருஷமாக ஒரு மாத்திரைகூட அவள் சாப்பிடவில்லை. முதல் பெட்டி வந்த அன்றே அவர் வாங்கி வைத்துக்கொண்டார். "எம் பொண்ணு அனுப்புனா எனக்குத்தான். நின்னு நின்னு பஸ்சு ஓட்டுன காலு எனக்குத்தான வலிக்குது?" என்றாராம். உட்கார்ந்துதான் பஸ் ஓட்டுவார்கள் என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்குத் தைரியம்? தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளை, ஞாயிற்றுக்கிழமை மஞ்சள், அம்மா தண்ணீரோடு கொண்டுபோய்க் கொடுப்பாளாம். நீ எழுதினதை அவள் ஒரு நாளும் தவறவிடவில்லை.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

திட்டத்தான் உட்கார்ந்தேன். நான்கு காகிதம் வீணானது. உன்னை அறைய வேண்டும் என்று எழுதினேன், கிழித்தேன். உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று எழுதினேன், அதையும் கிழித்தேன். இரண்டும் உண்மைதான்.

நான்கு வருஷமாக அவர் கைக்கு நான் சத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். மருந்துக்கடையில் நின்று தேதி பார்த்து, நல்லதாகப் பொறுக்கி, உடைந்துவிடாமல் பஞ்சு வைத்துக் கட்டி அனுப்பினேன். அந்த மாத்திரையால் ஒருவருக்கு அவ்வளவு பலம் வந்துவிடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? வயிறு எரிகிறது.

அழுதது போதும். இனி நடக்க வேண்டியதைப் பார். அம்மாவுக்கு இந்த வாரம் கட்டுப் பிரிப்பார்கள். வருகிற 22, ஞாயிறு. காலை எட்டு மணிக்கு அப்பா தன் கூட்டாளிகளைப் பார்க்கக் கிளம்பியதும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வா. நான் அங்கே நிற்பேன். என் வீட்டில் ஓர் அறையைக் காலி செய்துவிட்டேன். ஒரு பை போதும். அவளுடைய மூக்குக் கண்ணாடியை மறக்காதே. அவருக்கு ஒரு வார்த்தை தெரியக் கூடாது. முதலில் அந்தக் குழாயை எடுத்துத் துண்டு துண்டாக வெட்டிப்போடு. வீணாக எத்தனையோ வெட்டியிருக்கிறாய், இதையும் வெட்டு.

என் கையைப் பிடித்து வெளியே இழுத்தவன் நீ. இந்தத் தடவை அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வா.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

நீ சாயங்காலம் வரைக்கும் பஸ் நிலையத்தில் நின்றிருப்பாய். தெரியும். உன் எண்ணைத் தடையிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனாலும் கூப்பிடவில்லை. இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, எழுதத்தான் வரும்.

குழாயைத் தேடினேன். ஜன்னலில் இல்லை, கட்டிலடியில் இல்லை. அவர்தான் ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அவர் கிளம்பினார். நான் ஆட்டோ கூப்பிடத் தெருமுனைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவருடைய செருப்பு வாசலில் கிடந்தது. தன் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். நீ எழுதினாயே, கண்ணாடியை மறக்காதே என்று.

மாடியில் சத்தம். "எங்கடி பைய கட்டுற? எவ கூப்புட்டா?" என்று கேட்டது. பிறகு கன்னத்தில் அறை விழுந்த சத்தம். நான் மிஷின் பக்கம் போகவில்லை அக்கா. இதை மட்டும் நம்பு. படியில்தான் ஓடினேன்.

கதவுக்கு வந்தபோது அம்மா நின்றுகொண்டிருந்தாள். காதோரம் ரத்தம். வலது கையில் அந்தக் குழாய். பத்து நாளாக அவள் பைக்குள், புடவைக்கு நடுவில் இருந்திருக்கிறது. அவர் அடி விழுந்த காலைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அம்மா ஓங்கினாள். அவர் இடது கையைத் தூக்கித் தலையை மறைத்தார். காய்ந்த குச்சியை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம்தான். மாடியிலிருந்து வருகிற சத்தம் இவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

அவர் அழுதார். "போதும்டி, போதும்டி" என்றார். நான், "அம்மா" என்று கூப்பிட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமே இல்லை முகத்தில். கடைக்கு அனுப்புகிற மாதிரிதான் சொன்னாள்.

"கீழ போய் மிஷினப் போடுடா."

போனேன். போட்டேன். இரும்பு எதையும் வைக்காமல் சும்மா ஓடவிட்டேன். அவளே இறங்கிவந்து என் தோளைத் தொடுகிற வரைக்கும் ஓடியது. எவ்வளவு நேரம் என்று கேட்காதே. தடுத்திருக்க வேண்டுமா? நாற்பது வருஷம் அவளுக்காக ஏறாதவன், அவருக்காக எப்படி ஏறுவேன்? பயந்து போனேனா, சந்தோஷப்பட்டேனா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. கை மட்டும் இன்னும் நடுங்குகிறது. அன்றைக்கு அப்பாவைப் பற்றிச் சொன்ன பொய் இப்போது என் கைக்கு வந்துவிட்டது.

ஆட்டோ அதற்குள் வந்து நின்றிருந்தது. அதிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். கை, விலா எலும்பு மூன்று, ஒரு கால். உயிருக்கு ஒன்றும் இல்லை. எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டார். அம்மா, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாருங்க" என்றாள். ஒரு சொல் தடுமாறவில்லை, நாற்பது வருஷப் பழக்கம். டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் அம்மாவைப் பார்த்தார். "ஆமா, வழுக்கிருச்சு" என்றார்.

கேட்கிறதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். அம்மா அங்கே வர மாட்டேன் என்கிறாள். "இப்ப எதுக்குடா போகணும்? இப்பத்தான அது எங்க வீடு" என்றாள். ரப்பர் மிதியடியைச் சுருட்டி எடுத்து என்னிடமே கொடுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டர் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். வீட்டில் யாராவது மருத்துவத் துறையில் இருக்கிறார்களா என்று கேட்டார். அக்கா இருக்கிறாள் என்றேன். உன்னோடு பேச வேண்டுமாம், உன் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். படத்தை இதோடு அனுப்புகிறேன். நீ பார்த்துவிட்டு என்ன சொல்கிறாயோ அதுதான்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

பஸ் நிலையத்தில் இரவு வரைக்கும் நின்றேன். அதைப் பற்றி இனிப் பேச வேண்டாம்.

படம் வந்தது. வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். அன்றைக்கு அம்மாவின் படத்தை மாட்டிய அதே இடம். இந்தத் தடவை சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து முழுவதும் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. கழுவும் இடத்துக்குப் போய் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன்.

நேற்று அந்த டாக்டர் கூப்பிட்டார். நல்ல மனுஷர், கவனமாகப் பார்க்கிறவர். நான் என்றைக்காவது அம்மாவுக்குக் கிடைக்க வேண்டும் என்று ஏங்கிய மாதிரி டாக்டர். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நடுவில் உடைந்திருக்கிறதே, விழுந்தால் இப்படி உடையுமா, பத்தொன்பது வருஷம் படம் எடுக்கிறவர் நீங்கள், என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்.

கேள்வி வந்ததும் என் காதில் உன் மிஷின் ஓடியது. அது என்ன சத்தம் என்று அப்போதுதான் தெரிந்தது எனக்கு. உன்னை இனித் திட்ட மாட்டேன்.

"தொட்டி விளிம்புல பட்டிருக்கும் டாக்டர். வயசானவரு, எலும்பு தேஞ்சிருக்கும். விழுந்ததுதான்" என்றேன்.

மாத்திரை அனுப்பியிருக்கிறேன். வெள்ளை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஒன்று. மஞ்சள், ஞாயிற்றுக்கிழமை மட்டும். அம்மாவே தன் கையால் கொடுக்கட்டும். அவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

அக்கா